கண்ணாத்துறை ரோச் லைற் மதிப்பீடு

எங்கடை அனலைதீவில அரசாங்கம் பத்து மணிக்கு வந்து மூண்டு மணிக்குப் போயிடும். நான் குத்திக் கதைக்கேல்லை, உள்ளதைத்தான் சொல்லுறன். கந்தோரில வேலை செய்யிற ஆக்கள் எல்லாரும் யாழ்ப்பாணப் பக்கத்தில இருந்து வாறவை. காலமை ஊர்காவற்றுறையில பஸ்ரியாம்பிள்ளையின்ரை போட்டில ஏறி வந்து, இறங்கி, தேத்தண்ணி குடிச்சு, வெய்யிலைப் பாத்து "அப்பாடா" எண்டு சொல்லி, பின்னேரம் அதே போட்டில திரும்பிப் போயிடுவினம். அதுக்குப் பிறகு ஊரில மிஞ்சுறது நாங்களும் ஆடுமாடும் இருட்டும்தான்.

என்ரை மனிசன் அம்பலவாணர் கண்ணாத்துறையில கயிறு பிடிக்கிறவர். வேலை தந்தது தீவக இறங்குதுறைப் பேணுகைச் சபை. பேரைப் பாத்து மலைக்காதேங்கோ, சம்பளம் பேரளவுக்கு நீளமில்லை. சபைக்காரரை அக்கரையில கொண்டுபோய் விட்டிட்டு, ஊராக்களை ஏத்திக்கொண்டு போட் திரும்பி வரப் பொழுதுபட்டிடும். பஸ்ரியாம்பிள்ளை எறியிற கயிறை எட்டிப் பிடிச்சுக் கட்டையில கட்டவேணும். அந்தக் கட்டைக்குப் பக்கத்தில, சரியாக் கால் வைக்கிற இடத்தில, ஒரு ஓட்டை. சின்ன ஓட்டை எண்டு நினையாதேங்கோ, ஆள் இறங்கிப் போற ஓட்டை. ஒரு மாரி மழையில கொங்கிறீற் இடிஞ்சு கடலுக்கை போனது, போனதுதான். சபைக்கு அறிவிச்சனாங்கள். சபை வந்து நிண்டு குனிஞ்சு பாத்து, "ஓம், ஓட்டைதான்" எண்டு உறுதிப்படுத்திப் போட்டுப் போனது.

போன மாரியில மனிசன் அதுக்கை விழுந்திட்டார். விலா எலும்பு வெடிச்சு, தண்ணிக்கை கிடந்து கத்தினது எஞ்சின் சத்தத்தில ஒருத்தருக்கும் கேக்கேல்லை. பஸ்ரியாம்பிள்ளை எறிஞ்ச கயிறு பிடிக்க ஆளில்லாமல் கடலில விழுந்துது. "எங்கை இந்த மனிசன்?" எண்டு அவர் தேடினபடியால்தான் எனக்கு மனிசன் மிஞ்சினார். அண்டையில இருந்து பொழுதுபட்டால் எனக்கு வேலை ஓடாது. உலை ஒரு பக்கம் கொதிக்கும், நான் காதைத் துறைப் பக்கம் வைச்சுக்கொண்டு இருப்பன். அரிக்கன் லாம்பு காத்துக்கு நிக்காது. அவற்றை போன் அவரோடை சேந்து விழுந்தது, அவர் மட்டும்தான் திரும்பி வந்தவர்.

இதைக் கேட்டுப்போட்டு கனடாவில இருக்கிற என்ரை தம்பி ஒரு ரோச் லைற் அனுப்பினான். என்ன ஒரு சாமான் எண்டு நினைக்கிறியள்! பெருவிரலளவுதான். சேட்டுப் பொக்கற்றில கொளுவலாம், தொப்பி விளிம்பில கொளுவலாம், போனுக்குச் சார்ஜ் ஏத்துற வயரிலயே அதுக்கும் ஏத்தலாம். அதின்ரை தலையில இருக்கிற சுவிச்சை அமத்தினால் ஒழுங்கை முடியிற இடத்தில படுத்திருக்கிற மாட்டின்ரை கொம்பு தெரியும். "எந்த நாளும் பொக்கற்றில கொண்டு திரியிறதுக்கெண்டே செய்ததாம் அக்கா, அத்தானை இனி விழ வேண்டாமெண்டு சொல்லு" எண்டான். மனிசன் அதைத் தொப்பியில கொளுவிக்கொண்டு போகேக்கை எனக்குச் சிரிப்பாவும் இருந்துது, கண்ணும் கலங்கிச்சுது. கொஞ்ச நாள் சோறு ஒழுங்கா இறங்கினது.

சும்மா இருந்திருக்கலாம். இந்த மனிசனுக்கு ஒரு சந்தோசம் வந்தால் அதை ஆருக்கும் காட்டாமல் இருக்க ஏலாது. சபையின்ரை மேலதிகாரி நடராசா சேர் பார்வையிட வந்த அண்டைக்கு, பட்டப்பகலில, அந்த லைற்றைப் பொக்கற்றில கொளுவிக்கொண்டு போய் முன்னுக்கு நிண்டிருக்கிறார்.

"அம்பலவாணர், உது என்ன?"

"லைற், சேர். மச்சான் அனுப்பினவன்."

"பாவிக்க ஆர் அனுமதி தந்தது?"

"இருட்டா இருக்கும், சேர்."

"நான் இருட்டைக் கேக்கேல்லை, லைற்றைக் கேக்கிறன்."

மனிசன் ஓட்டையைக் காட்டினார். விழுந்த கதையைச் சொன்னார். சேட்டைத் தூக்கி விலாவையும் காட்டினவராம். நடராசா சேர் பொறுமையாக் கேட்டார். அவர் கத்திற ஆளில்லை. கத்திற ஆளெண்டால் திருப்பிக் கத்தலாம். அவர் விளங்கப்படுத்திற ஆள்.

"இஞ்சை பாரும். அந்த ஓட்டை சபையின்ரை பைலில இருக்கு. படம் கீறி அளவும் போட்டு வைச்சிருக்கு. நாளைக்கு ஒருத்தர் அதுக்கை விழுந்தால், அவர் முறைப்படி விழுந்தவர். ஆனா உந்த லைற் ஒரு பைலிலயும் இல்லை. உந்த வெளிச்சத்தில ஒருத்தர் விழாமல் போனால், அதுக்கு ஆர் பொறுப்பு? நீரோ? நானோ?"

மனிசன் யோசிச்சுப் பாத்திருக்கிறார். வீட்டை வந்து என்னட்டைக் கேட்டார், "ஆர் யோகம்மா பொறுப்பு?" எண்டு. நான் கையில இருந்த அகப்பையைக் கீழ வைச்சன், இல்லாட்டி என்ன நடந்திருக்குமோ தெரியாது.

லைற்றை மதிப்பீட்டுக்கெண்டு சபை எடுத்துக்கொண்டு போயிட்டுது. மதிப்பிட ஒரு கொமிற்றி. தலைவர் நடராசா சேர், தொழில்நுட்ப அலுவலர் சசிகரன் எண்டொரு இளந்தாரி, எல்லாத்தையும் எழுதிக்கொள்ளப் பிரியதர்சினி மிஸ். போதாததுக்குத் துறையில ஒரு பலகையும் அடிச்சாச்சு: "மதிப்பீடு நிறைவுறும் வரை இத்துறையில் எவ்வித வெளிச்சமும் பாவிக்கப்படலாகாது." மதிப்பீடு நடக்கேக்கை வேறை வெளிச்சம் வந்தால் முடிவு ஒருபக்கம் சாஞ்சிடுமாம். மீறினால் வேலை போகும். இனி லாம்பும் இல்லை, நெருப்புக்குச்சியும் இல்லை. அந்தப் பலகையைப் பகலில வாசிச்சால் தேவையில்லை, இருட்டில வாசிக்கேலாது. ஆனா எழுத்து வடிவான எழுத்து, குறை சொல்லக்கூடாது.

நான் என்ன செய்யிறது? விட்டால் மனிசன் மறுபடியும் விழும். இரும்புப் பெட்டியில கிடந்த வெள்ளைச் சீலை ஒண்டை எடுத்து உடுத்துக்கொண்டு, பொழுதுபடுகிற நேரம் துறைக்குப் போய், ஓட்டைக்குப் பக்கத்தில நிண்டன். வெள்ளை எண்டால் இருட்டில மங்கலாத் தெரியும். என்னைக் கண்டு இவர் விலகிக் கால் வைப்பார். சீலை வெளிச்சமில்லைத்தானே, பலகை அதைத் தடுக்கேல்லை. புருசன் உயிரோடை இருக்கேக்கை வெள்ளை உடுக்கிறது எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. உடுக்காமல் விட்டால் பிறகு உண்மையாவே உடுக்கவேண்டி வரும் எண்டுதான் உடுத்தனான்.

முதல் நாள் போட்டால இறங்கின கோபிகா ரீச்சர் என்னைக் கண்டு கத்தின கத்தில, கையில இருந்த மரக்கறிப் பை கடலுக்கை போட்டுது. "ஐயோ, நான் யோகம்மா!" எண்டு நான் கத்த, "யோகம்மா எப்ப செத்தவ?" எண்டு போட்டுக்குள்ளை ஆரோ கேட்டினம். பிறகு பிறகு சனம் பழகிட்டுது. பஸ்ரியாம்பிள்ளையும் என்னை அடையாளம் வைச்சுத்தான் போட்டை அணைக்கத் தொடங்கினார்.

கொமிற்றியின்ரை முதலாவது அமர்வு துறையிலயே நடந்தது. பாவிக்கிற இடத்திலதான் மதிப்பிட வேணுமாம். உச்சி வெய்யில். கடல் கண்ணைக் குத்துது. சசிகரன் லைற்றை அமத்தி ஓட்டைப் பக்கம் பிடிச்சான். மூண்டு பேரும் குனிஞ்சு பாத்தினம்.

"ஒளி தெரியேல்லை, சேர்," எண்டான் சசிகரன்.

"எழுதும் பிள்ளை," எண்டார் நடராசா சேர். "ஒளி புலப்படவில்லை."

என்ரை மனிசன் தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு, "சேர், அது இருட்டுக்கு" எண்டார்.

"இருட்டு எப்ப வரும்?"

"பொழுதுபட்டால் வரும், சேர். நிண்டு பாத்திட்டுப் போங்கோவன். வீட்டில பாய் இருக்கு, தலாணி இருக்கு, இவ கூழ் காய்ச்சுவா."

நடராசா சேருக்கு முகம் வாடிப்போச்சு. ஏதோ கெட்ட வார்த்தை கேட்ட மாதிரி.

"அம்பலவாணர், சபைக்கு மூண்டு மணி போட் இருக்கு. இருட்டு எண்டது கந்தோர் நேரத்துக்கை வாற விசயமில்லை. நான் எத்தினையோ வருசமாத் தீவுகளில வேலை செய்யிறன். ஒருநாளாவது நான் இருட்டைக் காணேல்லை. இருட்டு எண்டு ஒண்டு இருந்திருந்தால் ஒரு பைலாவது என்ரை மேசைக்கு வந்திருக்கும்."

பிரியதர்சினி மிஸ் அதையும் எழுதினா.

அப்ப இருட்டு இல்லாட்டி உண்டாக்குவம் எண்டு தீர்மானிச்சினம். ஆற்றை குசினியில? என்ரை குசினியில! ஜன்னலுக்கும் கதவுக்கும் என்ரை சீலையளைக் கட்டினால், கூரை ஓலைக்குள்ளால வெய்யில் ஊசி ஊசியா இறங்குது. அலுமாரிக்குள்ளை பூருவம் எண்டு சசிகரன் பூந்தான், கதவு சாத்துப்படேல்லை. பிறகு ஆரோ கோயில் கிடாரத்தை ஞாபகப்படுத்தினதில, அன்னதானத்துக்குச் சோறு அவிக்கிற பெரிய கிடாரத்தை நாலு பேர் காவிக்கொண்டு வந்திச்சினம். என்ரை வீட்டு முத்தத்தில சசிகரனை லைற்றோடை குந்த வைச்சு, கிடாரத்தை அவனுக்கு மேலால கவிட்டு மூடினவை. அரசாங்க உத்தியோகத்தனைக் கிடாரத்தால மூடினதை நான் என்ரை கண்ணாலை கண்டனான்.

"சசிகரன்! இருட்டா இருக்கோ?" எண்டு நடராசா சேர் கிடாரத்தைத் தட்டிக் கேட்டார்.

"நல்ல இருட்டு, சேர்!" உள்ளுக்க இருந்து கோயில் மணி கதைக்கிற மாதிரிச் சத்தம் வந்துது.

"லைற்றை அமத்தும்! தெரியுதோ?"

"வடிவாத் தெரியுது, சேர்!"

"என்ன தெரியுது?"

உள்ளுக்க அவன் திரும்பிப் பாக்கேக்கை தலை டங்கெண்டு இடிபட்டுது.

"கிடாரம், சேர்!"

அதை எழுதிச்சினம். "இச்சாதனம் கிடாரத்தினுள் பாவிக்க உகந்தது." எழுதி, கையெழுத்து வைச்சு, தேத்தண்ணி குடிச்சு எழும்பேக்கைதான் சசிகரன் இன்னும் உள்ளுக்க இருக்கிற ஞாபகம் வந்தது. எடுத்துவிட்டால் பொடியன் அவிஞ்ச மரவள்ளி மாதிரி இருந்தான். பாவம், நான் மோர் குடுத்தன்.

இரண்டாவது அமர்வில தண்ணிப் பரீட்சை. லைற் தண்ணிக்கை விழுந்தால் தாங்குமோ எண்டு பாக்கவேணும். ஆனா பிறத்தியாற்றை பொருள், பழுதானால் சபை பொறுப்பேற்கேலாது எண்டு, பொலித்தீன் பையில சுத்தி, அதை இன்னொரு பையில சுத்தி, ரப்பர் பான்ட் போட்டு, கிணத்தடி வாளிக்குள்ளை மெல்ல இறக்கினவை. எடுத்துப் பாக்க நனையேல்லை. பாஸ். அடுத்தது விழுத்திற பரீட்சை. அதுக்கு என்ரை தலாணியை முத்தத்தில போட்டு, தலாணிக்கு மேலால விழுத்தினவை. உடையேல்லை. அதுவும் பாஸ். என்ரை மனிசன் பக்கத்தில நிண்டு, "பாத்தியே யோகம்மா, எங்கடை லைற் எல்லாத்திலயும் பாஸ் பண்ணுது" எண்டு பள்ளிக்கூடப் பிள்ளையின்ரை தேப்பன் மாதிரிச் சந்தோசப்படுறார். எனக்கு விசர் வந்துது. அண்டைக்குப் பொழுதுபடவும் நான் வெள்ளைச் சீலைதான்.

"பாஸ் எண்டால் லைற்றைத் தாங்கோவன் சேர்," எண்டு நானே கேட்டன்.

"அம்மா, கோபிக்கக்கூடாது. உங்கடை தம்பி என்ன சொல்லி அனுப்பினவர்? எந்த நாளும் காவுறதுக்கு எண்டுதானே? எந்த நாளும் காவலாமோ எண்டு எந்த நாளும் காவிப் பாத்தால்தானே தெரியும்?"

சரி, காவினவை. முதலில தலைவர். பிறகு நடந்த கதையெல்லாம் பஸ்ரியாம்பிள்ளைதான் அக்கரையில இருந்து கொண்டுவந்து கொட்டுவார். "யோகம்மா, உன்ரை லைற் புது வீட்டுக் குடிபூரலுக்குப் போனதாம்! சேர் பொக்கற்றில கொளுவிக்கொண்டு நிண்டவராம், ஐயர் ஓமத்தை விட்டிட்டு அவரைத்தான் பாத்தவராம்" எண்டு சொல்லிச் சிரிப்பார். பிறகு பிரியதர்சினி மிஸ்ஸின்ரை கைப்பைக்கை கொஞ்ச நாள். அதில அவவின்ரை துலைஞ்ச தோடு ஒண்டு கண்டெடுக்கப்பட்டதாம், ரிப்போட்டில அது "எதிர்பாராத நன்மை". கடைசியாச் சசிகரன். ஒருக்காச் சார்ஜ் ஏத்தினால் எவ்வளவு நேரம் எரியும் எண்டு பாக்கிறது அவன்ரை பொறுப்பு. எரியவிட்டிட்டுப் பாத்துக்கொண்டு கிடந்தவன் நித்திரையாப் போனான். முடிவு: "அலுவலருக்கு நித்திரை வரும்வரை எரிந்தது."

எங்கடை லைற் எங்கடை வீட்டில எரிஞ்சதைவிட அவையளின்ரை வீட்டில எரிஞ்சதுதான் கூட. இஞ்சை மாரி தொடங்கிட்டுது. மழை இருட்டில வெள்ளைச் சீலையும் சரியாத் தெரியாது. ஒருநாள் மனிசன் என்னிலயே வந்து முட்டி, ரெண்டு பேரும் ஓட்டை விளிம்பில கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டனாங்கள். கலியாணம் கட்டின நாளில இருந்து அவர் என்னை அப்பிடி இறுக்கிப் பிடிச்சதில்லை. வீட்டை வந்து நான் அழுதன்.

ஒருபடியாக் கையளிப்பு விழா எண்டு அறிவிச்சினம். துறையில தகரப் பந்தல், கதிரையள், குத்துவிளக்கு. அந்தக் குத்துவிளக்கைக் கொளுத்தேக்கை என்ரை மனிசன் பலகையைக் காட்ட, நடராசா சேர் கொளுத்தின திரியைத் தன்ரை கையாலேயே அணைச்சு நூத்துப்போட்டு, "சட்டம் எல்லாருக்கும் ஒண்டு" எண்டார். சனம் கைதட்டினது. லைற் அரக்குச் சீல் வைச்ச பொதிக்குள்ளை, பிரியதர்சினி மிஸ்ஸின்ரை கையில, தட்டத்தில பூவோடை இருந்துது. ரிப்போட்டை வாசிச்சினம். கடைசி வரி எனக்கு இன்னும் காதுக்குள்ளை நிக்குது: "பரீட்சைகளின்போது சார்ஜ் முற்றாகச் செலவிடப்பட்டுள்ளது. மீள ஏற்றுதல் பாவனையாளரின் பொறுப்பாகும்." அதுக்குப் பிறகு நடராசா சேர் பேச எழும்பினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நான் இந்தச் சபையைப் பொறுப்பெடுத்த நாள் தொட்டு, இந்தத் துறையின் ஓட்டையில் ஓர் அதிகாரி கூட விழுந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இது எமது பராமரிப்புக்குச் சான்று! பொதுமக்கள் விழுந்திருக்கலாம். அது அவர்களின் நடை சம்பந்தப்பட்ட விடயம். ஓட்டை எல்லாருக்கும் பொதுவானது. அதில் நாம் பாகுபாடு காட்டவில்லை…"

போட் ஹோண் அடிச்சுது. பஸ்ரியாம்பிள்ளை எட்டிப் பாத்து, "சேர், காத்து எழும்புது, நான் வெளிக்கிடப் போறன்" எண்டார். நடராசா சேர் கையைக் காட்டி, இரும் எண்டு சைகை செய்துபோட்டு, வெளிச்சத்தின்ரை வரலாற்றுக்குப் போனார். திரும்பவும் ஹோண். அவர் அப்ப சூரியனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர். பஸ்ரியாம்பிள்ளை மேலதிகாரிக்குப் பயப்பிடுவார், ஆனா காத்துக்கு அதைவிடப் பயம். கயிறை அவிட்டுக்கொண்டு போட்டோடை போயிட்டார். பேச்சு முடிய, கையளிக்க எண்டு பொதியைத் தூக்கினவர் கடலைப் பாத்தார். பொதி அப்பிடியே தட்டத்துக்குத் திரும்பிட்டுது.

"அடுத்த போட்?"

"பொழுதுபட ஊராக்களோடை வரும், சேர்," எண்டார் மனிசன். "வந்தால் கட்டிறதுதான். பிறகு விடியத்தான் போகும்."

"வந்த உடனை திருப்பச் சொல்லுவம். கையளிப்பை அடுத்த அமர்வில பாப்பம்."

சனம் கலைஞ்சிட்டுது. கொமிற்றி மட்டும் பந்தலுக்குள்ளை குந்திக்கொண்டிருந்தது. நான் வீட்டை போய்ப் பிட்டு அவிச்சுக் கொண்டுவந்து குடுத்தன், எவ்வளவு கோவமெண்டாலும் பசிச்ச வயித்தோடை ஆக்களை இருத்தேலாதே. மேக்கால சிவந்து, சாம்பலாகி, பிறகு ஒண்டுமில்லாமல் போச்சுது.

"அக்கா, கரண்ட் போட்டுதோ?" எண்டு சசிகரன் பயந்துபோய்க் கேட்டான்.

"இல்லையடா தம்பி, பொழுது பட்டிட்டுது."

அவன் போனை எடுத்து லைற்றைப் போட்டான். என்ரை மனிசன் சங்கடத்தோடை, "தம்பி, பலகை…" எண்டார். பரிகாசமில்லை, சத்தியமா. அந்த மனிசனுக்குப் பரிகாசம் பண்ணத் தெரியாது. நடராசா சேர் இருட்டுக்குள்ளை இருந்து, "அவர் சொல்லுறது சரி. மதிப்பீடு இன்னும் முடியேல்லை. நூரும்" எண்டார். பொடியன் நூத்தான்.

தூரத்தில எஞ்சின் சத்தம் கேட்டுது. மனிசன் கட்டையடிக்குப் போனார். நான் வழமைபோல வெள்ளைச் சீலையைச் சுத்திக்கொண்டு ஓட்டைக்கு இடப்பக்கம் போய் நிண்டன். போட் கிட்ட வந்துது. அப்பதான் பின்னுக்கு ஆரோ ஓடி வாற சத்தம். "பஸ்ரியாம்பிள்ளை! கட்டாதையும்! திருப்பும்! திருப்பும்!" எண்டு நடராசா சேர் பாய்ஞ்சு வாறார். வந்தவர் இருட்டுக்குள்ளை தனிய ஒரு வெள்ளைச் சீலை நிக்கிறதைக் கண்டார்.

"ஐயோ, அம்மா!"

"சேர், நான் யோகம்மா! அந்தப் பக்கம் போகாதேங்கோ!"

பேய் பேர் சொன்னால் ஆர் நிண்டு கேப்பினம்? என்னைவிட்டு விலகி வலப்பக்கம் பாய்ஞ்சார். வலப்பக்கம் ஓட்டை. தொபுக்கெண்டு ஒரு சத்தம்.

பொய் சொல்லக்கூடாது, எனக்கு முதல்ல வந்தது சிரிப்பு. பிறகு, என்ரை மனிசன் விழுந்த அண்டைக்கும் இப்பிடித்தானே சத்தம் கேட்டிருக்கும் எண்டு நினைக்கச் சிரிப்பு நிண்டிட்டுது. "விழுந்திட்டார், விழுந்திட்டார்" எண்டு கத்திக்கொண்டு விளிம்பில குந்தினன். நல்லகாலம், வத்துத் தண்ணி, நெஞ்சளவுதான். ஆள் நிண்டுகொண்டிருந்தார்.

"லைற்! லைற்றைக் கொண்டு வாங்கோ!" எண்டு உள்ளுக்க இருந்து அலறினார்.

பிரியதர்சினி மிஸ் தட்டத்தோடை வந்து நிண்டா. "சேர், சீல் வைச்சிருக்கு. உடைக்கிறதெண்டால் தலைவற்றை கையெழுத்து வேணும், சேர்."

"நான்தானே தலைவர்!"

"ஓம், சேர்."

கடுதாசியையும் பேனையையும் ஓட்டைக்குள்ளை நீட்டினா. நான் கண்டதைத்தான் சொல்லுறன். நெஞ்சளவு தண்ணியில நிண்டுகொண்டு நடராசா சேர் கடுதாசியை வாங்கினார்.

"எங்கை வைக்கிறது? ஒண்டும் தெரியேல்லை!"

"கீழ, புள்ளிக்கோட்டில, சேர்."

"புள்ளிக்கோடு தெரியேல்லை எண்டு சொல்லுறன்!"

எங்கையோ வைச்சார். சசிகரன் பல்லால கடிச்சு அரக்கை உடைச்சு, லைற்றை எடுத்து, ஓட்டைக்குள்ளை பிடிச்சு அமத்தினான். இருட்டு. திரும்ப அமத்தினான். இருட்டு. அப்பதான் ரெண்டு பேருக்கும் ரிப்போட்டின்ரை கடைசி வரி ஞாபகம் வந்திருக்கவேணும்.

"சேர்," எண்டு மெல்லக் கூப்பிட்டார் என்ரை மனிசன். குரலில அப்பிடி ஒரு ஆறுதல். "நீங்கள் முறைப்படிதான் விழுந்திருக்கிறியள். பயப்பிடாதேங்கோ. கயிறு வருது, பிடியுங்கோ."

பஸ்ரியாம்பிள்ளை எறிஞ்ச கயிறை இவர் இருட்டிலயே எட்டிப் பிடிச்சு, ஓட்டைக்குள்ளை விட்டு, எல்லாருமாச் சேந்து ஆளை இழுத்து எடுத்தம். காத்துக்குப் போட் திரும்பேலாது. அண்டைக்கு அரசாங்கம் எங்கடை வீட்டிலதான் படுத்தது. உடுப்பு நனைஞ்சபடியால் உடுக்க இவற்றை சாரம், போர்க்க என்ரை வெள்ளைச் சீலை. விறாந்தையில அதைப் போர்த்துக்கொண்டு இருந்தவர், வெளியில பாத்துக்கொண்டு கேட்டார், "அம்மா, இந்த இருட்டு எந்த நாளும் இப்பிடியே?"

"ஓம் சேர். மூண்டு மணி போட் போனாப் பிறகு எந்த நாளும் இப்பிடித்தான்."

அடுத்த கிழமை சீமேந்து வந்திறங்கினது. கம்பி வந்துது, மேசன்மார் வந்திச்சினம். எத்தினையோ மாரி கண்ட ஓட்டை, ஒரு அதிகாரி விழுந்த உடனை, கண் மூடி முழிக்க முன்னம் அடைபட்டிட்டுது. பூச்சு மினுங்குது. என்ரை மனிசன் அதில ஏறி நிண்டு, ஒரு காலால மிதிச்சுப் பாத்து, மற்றக் காலால மிதிச்சுப் பாத்து, என்னைப் பாத்துச் சிரிச்சார்.

லைற்றைப் பற்றிச் சசிகரன்தான் வந்து சொன்னான். முகத்தைப் பாக்கேலாமல் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான்.

"அக்கா, லைற் பாஸ். அனுமதியும் வந்திட்டுது."

"அப்ப தாரும்."

"அனுமதி, ஓட்டை இருக்கிற துறையில பாவிக்க எண்டுதான் வந்தது. இப்ப ஓட்டை இல்லைத்தானே அக்கா? அதால அனுமதி செல்லாதாம். லைற் சபையின்ரை அலுமாரியில பூட்டி இருக்கும், திறப்பு நடராசா சேரிட்டை."

நான் ஏசுவன் எண்டு அவன் பாத்துக்கொண்டு நிண்டான். நான் எழும்பினன். உள்ளுக்க போய், தோய்ச்சுக் காயப்போட்டிருந்த வெள்ளைச் சீலையை எடுத்து, நாலாய் மடிச்சு, இரும்புப் பெட்டியின்ரை அடியில, ஆற்றை கண்ணிலயும் படாத இடத்தில வைச்சுப் பூட்டினன். அதுக்குப் பிறகு வந்து பொடியனுக்குத் தேத்தண்ணி ஊத்தினன்.

அண்டைக்குத் தம்பி கனடாவில இருந்து போன் எடுத்தான்.

"அக்கா, நான் அனுப்பின லைற் எப்பிடி, நல்லா வேலை செய்யுதோ?"

"அதை ஏன் கேக்கிறாய்! உன்ரை லைற் துறை ஓட்டையை அடைச்சுப்போட்டுதடா."

அவனுக்கு ஒண்டும் விளங்கேல்லை. "அப்ப, இன்னொண்டு அனுப்பட்டோ?" எண்டு கேட்டான்.

"அனுப்படா," எண்டன். "கோயிலடி ரோட்டிலயும் ஆள் விழுற கிடங்கு ஒண்டு கிடக்கு."